பொதுமக்கள் ஒருவர்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு ரத்த அழுத்தம் ஏறியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக, கார் ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் காரில் மட்டுமே அவர் பயணம் செய்து வந்தார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. இந்த உலகத்தில் அவர் முழுதாக நம்பிய பொருள் அது ஒன்றுதான். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, மனைவி சமையலறையிலிருந்து கொஞ்சம் வேகமாக வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் அவரைக் 'கிளட்ச் சார்' என்றே அழைத்தார்கள். எதைச் சொன்னாலும் "கிளட்ச்சை விடு" என்றோ "கிளட்ச்சை விடாதே" என்றோ முடிக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

"வாரத்துல ரெண்டு மணி நேரம் எங்கயாவது போய் சும்மா உக்காருங்க," என்றார் டாக்டர். "நகராத இடமா பாருங்க."

அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவர் மனைவி. அவர் மருந்துக் கடையில் பில் போடுபவர். டாக்டர்கள் கிறுக்கித் தருவதைப் படித்துப் படித்து, எழுத்து என்று ஒன்று இருந்தால் போதும், படித்துவிடுவார். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, பாதி கிழிந்து மின்கம்பத்தில் தொங்கிய ஒரு சுவரொட்டியை அந்த ஊரில் அவர் ஒருவரால்தான் படிக்க முடிந்தது.

"ஏங்க, யூனிவர்சிட்டியில பாட்டு, நாடகம், டான்ஸ் எல்லாம் போடறாங்களாம். பொதுமக்களுக்கு டிக்கெட் ஒரு டீ விலைதான். ஏசி ஹால். நாற்காலியெல்லாம் தரையோட சேத்து முடுக்கியிருக்கும். நகராது."

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கிளட்ச் சார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அரங்கத்தின் வாசலில் டிக்கெட் ஜன்னல் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு டிக்கெட் கொடுங்க. பொதுமக்கள் டிக்கெட்."

ஜன்னல்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"மாணவரா?"

"இந்த வயசுலயா?"

"இங்க வாத்தியாரா?"

"வாத்தியார்தான். டிரைவிங் வாத்தியார். இங்க இல்ல."

"வாசிக்கிற பிள்ளைங்களுக்கு மாமா, சித்தப்பா, அந்த மாதிரி?"

"யாருமே இல்லீங்க."

ஜன்னல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பாக்கத்தான்."

பொதுமக்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டார். கிளட்ச் சார் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார். "இதுல ஓட்டுநர்னு போட்டிருக்கு. பொதுமக்கள்னு எங்க போட்டிருக்கு?" என்றார் ஜன்னல்காரர். நியாயமான கேள்விதான். இருவரும் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், எங்கும் போடவில்லை. கடைசியில், 'நான் பொதுமக்கள் என்று இதன்மூலம் மனமார உறுதி கூறுகிறேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, ஜன்னல்காரர் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து டிக்கெட் புத்தகத்தை எடுத்தார். அச்சடித்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்ததால் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேலை உள்ளே விட்டு நெம்பித்தான் முதல் சீட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. எண் 0001.

அரங்கத்தில் அறுநூறு நாற்காலிகள். முதல் வரிசையில் ஆசிரியர்கள் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஆறு மாணவர்கள். மற்றபடி கிளட்ச் சார்.

அந்த ஆறு பேரில் ஒரு பெண் வயலின் மாதிரியே இருந்த, ஆனால் தன்னைவிட ஒரு சாண் உயரமான ஒரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்த மாமாவை வீட்டுக்குக் கூட்டி வருவது போலத்தான் அது இருந்தது. அதை நிமிர்த்தி, அணைத்துப் பிடித்து, வில்லை வைத்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தாள். சத்தம் காதுக்கு வரவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து முதுகெலும்பு வழியாக ஏறியது. கிளட்ச் சாருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. இடைவேளையில்தான் கவனித்தார்: வலது கால் ஒரு மணி நேரமாக எதையும் அழுத்தாமல் தன்பாட்டுக்குக் கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லப் பார்த்தார். "லாரி நியூட்ரல்ல நிக்கும்போது சீட்டுக்கு அடியில ஒரு அதிர்வு வரும் பாரு, அது மாதிரிம்மா. ஆனா அந்த லாரி அழுதா எப்படி இருக்கும்?"

"லாரி எதுக்குங்க அழுவுது?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான் அடுத்த வாரமும் போகணும்."

அடுத்த வாரம் மனைவியும் போனார். இடைவேளையில் கோட் போட்ட ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்து இவர்கள் முன்னால் நின்றார். கலைவழி மக்கள் நெருக்க மையத்தின் இயக்குநர் அவர். பல்கலைக்கழகத்தின் கலைகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோவதற்காகப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஆரம்பித்த மையம் அது. பதினேழு பேர் வேலை பார்க்கிறார்கள். இயக்குநர் பொதுமக்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறார். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.

"நிஜமாவே வெளியாளுங்களா?" என்று கேட்டு, கிளட்ச் சாரின் சட்டைக் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பஸ்ல இருபது நிமிஷங்க," என்றார் மனைவி.

"ஐயோ, பஸ்லயா வந்தீங்க!" என்று இயக்குநர் கண் கலங்கினார். புகைப்படக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாத அறிக்கையில் செய்தி வந்தது: 'பொதுமக்கள் பங்கேற்பு ஒரே வாரத்தில் நூறு சதவீதம் உயர்வு.' கணக்கில் தவறில்லை. ஒருவர் இருவராகியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர்களைச் சும்மா உட்கார விடவில்லை. முதலில் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. பதினேழாவது கேள்வி, 'இசை தங்களை எங்கே தொட்டது? கீழ்க்காணும் படத்தில் குறிக்கவும்' என்றது. படம் கை கால் விரித்து நிற்கும் ஒரு மனித உருவம். மனைவி யோசித்துவிட்டு முழங்காலில் புள்ளி வைத்தார். நாளெல்லாம் கடையில் நிற்பவர், அந்த இரண்டு மணி நேரம் முட்டி வலிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்தப் புள்ளியை வைத்து மையம் 'இசையும் முழங்காலும்' என்று ஒரு மூன்றாண்டு ஆய்வைத் தொடங்கி, இரண்டு உதவியாளர்களையும் ஓர் எலும்புக்கூட்டையும் நியமித்தது.

பிறகு எண்ணிக்கை. வருடத்துக்கு முந்நூறு பொதுமக்கள் வர வேண்டும் என்பது இலக்கு. வாசலில் ஆள் நுழைந்தால் எண் ஏறும் கருவி இருந்தது.

"சார் தப்பா நினைக்கக் கூடாது," என்றார் இயக்குநர். "பக்கத்துக் கதவு வழியா வெளிய போயிட்டு மறுபடி முன்பக்கமா வந்தீங்கன்னா உதவியா இருக்கும்."

"எத்தன தடவ?"

"நிகழ்ச்சி ஆரம்பிக்கிற வரைக்கும்."

கிளட்ச் சார் அன்றைக்கு நாற்பத்தெட்டுப் பேராக வந்தார். மனைவி இருபது பேர் ஆனதும், "போதுங்க, முட்டி தாங்கல," என்று உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் திரை விலகி, அந்தப் பெண் பெரிய வயலினைச் சாய்த்துக்கொண்டு வந்து நின்றதும் இருவருக்கும் எல்லாம் மறந்துபோகும். ஒரு டீ விலைக்கு இது கிடைக்கிறதென்றால், நாற்பத்தெட்டுப் பேராக இருந்துவிட்டுத்தான் போகலாமே?

ஒன்பதாவது வாரம், நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்ணே இவர்களைத் தேடி வந்தாள். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

"சார், நீங்கதான் பொதுமக்களா?"

"ஆமாம்மா. இது என் வீட்டுக்காரம்மா. இவங்களும் பொதுமக்கள்தான்."

"அருமையா வாசிக்கிற கண்ணு," என்றார் மனைவி.

பெண் சிரிக்கவில்லை. "நீங்க வந்ததுனால எனக்கு ஒரு சிக்கல் ஆயிடுச்சு சார்."

விதி இதுதான்: இறுதித் தேர்வுக் கச்சேரியின்போது பொதுமக்களில் ஒருவராவது அரங்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு செல்லாது. பொதுமக்களே கிடைக்காத பட்சத்தில் இதற்கு விலக்கு உண்டு. பன்னிரண்டு வருடங்களாக எல்லோரும் அந்த விலக்கில்தான் தேர்வு எழுதினார்கள். இப்போது பொதுமக்கள் கிடைத்துவிட்டதால் விலக்கை எடுத்துவிட்டார்கள்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி என் தேர்வு. வேற ஊர்ல ஒரு இசைக்குழுவுல எனக்கு வேலை சொல்லி வச்சிருக்காங்க. பாஸ் பண்ணாதான் எடுப்பாங்க. நீங்க கண்டிப்பா வந்துருவீங்கல்ல சார்?"

"மழையா இருந்தாலும் வருவோம்," என்றார் கிளட்ச் சார். "இதுல என்னம்மா சிக்கல்?"

சிக்கல் இருந்தது. உயர்நிலைக் குழு வந்துகொண்டிருந்தது.

பல்கலைக்கழகங்களைத் தரம் பார்க்கும் ஐந்து பேர் கொண்ட குழு அது. அவர்கள் வருகிற அன்று அரங்கத்தின் நடுவே கயிறு கட்டி, 'பொதுமக்கள்' என்று அட்டை மாட்டி, அதற்குள் கிளட்ச் சாரையும் மனைவியையும் உட்கார வைத்தார்கள். நிகழ்ச்சி இரண்டு மணி நேரம். அதில் துணைவேந்தர் உரை ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம்.

"கலை மக்களுக்கே என்பது எங்கள் கொள்கை," என்று தொடங்கினார் துணைவேந்தர். "அந்தக் கொள்கையை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைக்கிறோம். மக்கள் வராதது எங்கள் பணிக்கு எந்த வகையிலும் இடையூறாக இருந்ததில்லை. சொல்லப்போனால், மக்கள் வராத ஆண்டுகளில்தான் மையம் மிக வேகமாக வளர்ந்தது. டிக்கெட் விலையை இவ்வளவு குறைவாக வைத்திருப்பதற்குக் காரணம், யாரும் வாங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். இன்று அந்த நம்பிக்கையையும் தாண்டி, இதோ இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இவர்களை எப்படி எதிர்கொள்வது என்பதற்காக மேலும் ஒன்பது பதவிகள் கேட்டிருக்கிறோம்."

கைதட்டல் அடங்கியதும் மிச்சமிருந்த நான்கு நிமிடத்தில் பெரிய வயலின் பெண் வாசித்தாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் பூங்கொத்து மேசையை நகர்த்தினார்கள். அவள் நிறுத்தவில்லை.

பிறகு குழுத் தலைவர் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டார். "நிகழ்ச்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கிளட்ச் சார் இசையை உண்மையாகவே கேட்டவர். கேட்டதைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்று மகிழ்ந்துவிட்டார்.

"போன வாரம் இதே பாட்டை வாசிச்சப்போ, நடுவுல மேல ஏறுற இடத்துல கொஞ்சம் அவசரம் தெரிஞ்சுதுங்க. மேட்டுல வண்டி நிக்கும்போது புதுசா ஓட்டுறவங்க சட்டுனு கிளட்ச்சை விடுவாங்க பாருங்க, அது மாதிரி ஒரு குலுக்கல். இன்னைக்கு அந்தக் குலுக்கல் இல்ல. அந்தப் பொண்ணு ஒரு மூச்சு பொறுத்து, அப்புறம் ஏறுச்சு. அந்த ஒரு மூச்சுல என் நெஞ்சு நின்னு போச்சுங்க. ஆனா கடைசி இழுப்பைப் பாதியிலயே விட்டுடுச்சு. மேசைய நகத்தினதுல கவனம் சிதறியிருக்கும்."

குழுத் தலைவர் நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது. இசைத்துறை ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய மதிப்பெண் தாளிலும் அதேதான் இருந்தது, கிளட்ச் மட்டும் இல்லாமல்.

குழு தனி அறையில் மூன்று மணி நேரம் கூடியது. தீர்ப்பு பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்தது. மனைவி வாசித்தார்: 'மேற்படி நபர் தொடர்ந்து நிகழ்ச்சிகளைக் கண்டதன் விளைவாக ரசனை அடைந்துள்ளார். ரசனை அடைந்தவர் நிபுணர் ஆவார். நிபுணர் பொதுமக்கள் ஆகார். எனவே சலுகைக் கட்டணத்துக்கான தகுதியை இழக்கிறார். அவருடைய துணைவியாரும் உடன் வசிப்பதால், தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் எனக் கருதி விலக்கப்படுகிறார்.'

"நிபுணர்னா வேற டிக்கெட் வாங்கிட்டுப் போலாமா?" என்றார் கிளட்ச் சார்.

"நிபுணர்னா பட்டம் வேணுமாம். அதுவும் உங்களுக்கு இல்ல. நீங்க இப்ப ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறீங்க."

"அந்தப் பொண்ணு தேர்வு?"

அதற்கும் மையம் வழி வைத்திருந்தது. வெளியிலிருந்து வருகிற பொதுமக்களை நம்ப முடியாது, கொஞ்ச நாளில் ரசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று முடிவு செய்து, 'பொதுமக்கள்' என்று ஒரு நிரந்தரப் பதவியை உருவாக்கி விளம்பரம் கொடுத்தார்கள். மனைவிதான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். "போய்த்தான் பாருங்களேன். உங்களவிட அனுபவம் யாருக்கு இருக்கு?"

நேர்காணலில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர், கிளட்ச் சாரை முன்பின் பார்த்திராதவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"பொதுமக்களாக உங்கள் முன் அனுபவம்?"

"நாப்பத்தொம்பது வருஷங்க."

"சான்றிதழ்?"

"பிறப்புச் சான்றிதழ் இருக்கு."

"பொதுமக்கள் துறையில் ஆய்வுக் கட்டுரை ஏதாவது?"

"இல்லீங்க. ஆனா கேக்கும்போது சத்தம் போடாம உக்காருவேன்."

சத்தம் போடாமல் உட்காருவதைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் வெளியே காத்திருந்தார். வேலை அவருக்குக் கிடைத்தது. மாடியில் தனி அறை கொடுத்தார்கள். கதவில் 'பொதுமக்கள்' என்று பித்தளைப் பலகை. அதற்குக் கீழே இன்னொரு பலகை: 'பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.'

இப்படியாக வெள்ளிக்கிழமை மாலைகள் பறிபோயின. கிளட்ச் சாரின் வலது கால் மறுபடியும் சோபாவுக்கு முன்னால் தரையை அழுத்த ஆரம்பித்தது. மனைவி மாத்திரையின் அளவைக் கூட்ட டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்தார். "தேர்வுக்கு ஆள் இருக்கு, அதுவே போதும்," என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாருக்கும் அது போதுமானதாக இல்லை.

இருபதாம் தேதி பகல் ஒரு மணிக்கு, கிளட்ச் சார் ஒரு புது மாணவியோடு ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு எடுத்தார். இயக்குநர்.

"சார், ஒரு அவசரம். எங்க பொதுமக்கள் வெளிநாட்டுல கருத்தரங்குக்குப் போயிருக்காரு. 'அரங்கில் இருத்தலின் அவசியம்'னு கட்டுரை வாசிக்கிறாரு. இன்னைக்கு இருக்க மாட்டாரு. மூணு மணிக்குத் தேர்வு. நீங்க வந்து உக்காந்தா நல்லா இருக்கும்."

"நான்தான் பொதுமக்கள் இல்லைன்னு ஆயிடுச்சே?"

"அதுக்கு ஒரு உட்பிரிவு இருக்கு. நீங்க ரசனைய இழந்துட்டதா நிரூபிச்சா, தற்காலிகப் பொதுமக்களா நியமிக்கலாம்."

"எப்படி நிரூபிக்கிறது?"

"கச்சேரி முழுக்க நீங்க எதையும் ரசிக்கக் கூடாது. முகத்துல, கையில, கால்ல எங்கயும் தெரியக் கூடாது. பக்கத்துல தேர்வுப் பிரிவு அதிகாரி உக்காந்து பாப்பாரு. ஏதாவது தெரிஞ்சா நீங்க நிபுணர், தேர்வு செல்லாது. அந்தப் பொண்ணுக்கு இது தெரியக் கூடாது, விதி. அப்புறம் இன்னொண்ணு, வளாகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் பாராட்டுற மாதிரி ஒரு வார்த்தை, ஒரு கைதட்டல் கூடாது."

மாணவி அதற்குள் பயந்து காரை நகர்த்திவிட்டாள். "கிளட்ச்சை விடாத!" என்று கத்தினார். "சரிங்க, வரேன்," என்றார். எது யாருக்கு என்று இரண்டு பேருக்குமே கொஞ்ச நேரம் புரியவில்லை.

மூன்று மணிக்கு அரங்கத்தில் கிளட்ச் சாருக்கு வலப்பக்கம் தேர்வுப் பிரிவு அதிகாரி, மடியில் பதிவேடு. இடப்பக்கம் மனைவி, 'உடன் வருபவர்' என்ற அட்டையோடு. பின்வரிசையில் இயக்குநர். பெண் மேடைக்கு வந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிளட்ச் சார் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தார்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு வேறு மாதிரி. கிளட்ச் சார் வாழ்க்கையில் நடந்த மோசமான சம்பவங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒரு மாணவர் காரை முடிதிருத்தும் கடைக்குள் விட்டது. இன்னொருவர் ரிவர்ஸில் குளத்துக்குள் போனது. அந்தக் கடையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தவரின் முகம்கூட அவருக்கு இப்போது அழகாகத் தெரிந்தது. இசை அங்கேயும் வந்துவிட்டது. வலது கால் தாளம் போடத் துடித்தது. இடது காலை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினார். எழுபது கிலோ மனிதர் தன் முழு பலத்தையும் தன் கால்மீதே வைத்து அமுக்கினார். அதிகாரி குனிந்து பார்த்து, 'காலணி இறுக்கம்' என்று எழுதிக்கொண்டார்.

அந்த மேடு வந்தது. பெண் நின்றாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அரங்கத்தில் அறுநூறு நாற்காலியும் அவளோடு காத்திருந்தன. பிறகு ஏறினாள். குலுக்கல் இல்லை. கிளட்ச் சாரின் வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்து, கன்னத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மனைவி பையைத் திறந்தார். "சார், அவருக்குக் கண்ணுல இன்பெக்‌ஷன். மணிக்கு ஒரு தடவ சொட்டு மருந்து விடணும். கொஞ்சம் தலையைத் தூக்குங்க," என்று அவசரமாக ஒரு குப்பியைத் திறந்து, கணவரின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி இரண்டு கண்ணிலும் தாராளமாக ஊற்றினார். அதற்குப் பிறகு எத்தனை சொட்டு வழிந்தாலும் மருந்துக் கணக்கில் போய்விட்டது. 'கண்ணீர்: மருத்துவக் காரணம்' என்று அதிகாரி எழுதினார். தன் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்த மனைவியைப் பார்த்து, "உங்களுக்குமா?" என்று கேட்டார். "ஒட்டுற வியாதிங்க," என்றார் மனைவி. அதிகாரி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

கடைசி இழுப்பு. பெண் அதை விடவே இல்லை. அது மெலிந்து, மெலிந்து, எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாதபடி முடிந்தது. அவள் வில்லைக் கீழே இறக்கிவிட்டு நேராகக் கிளட்ச் சாரைப் பார்த்தாள். அவர் மரக்கட்டை போல உட்கார்ந்திருந்தார். மனைவியும் அப்படியே. முன்வரிசையில் மதிப்பெண் தாள்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி எழுந்து நின்று வாசித்தார்: "பார்வையாளரிடம் எவ்விதப் பாதிப்பும் காணப்படவில்லை. தேர்வு செல்லும்."

இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பன்னெண்டு வருஷத்துல இவ்வளவு சுத்தமான பொதுமக்களை நான் பாத்ததே இல்ல சார்!"

வெளியே வந்தபோது பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி. மூக்கு சிவந்திருந்தது.

"பாஸ்னு சொல்லிட்டாங்க சார்," என்றாள். "ஆனா நீங்க... அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

கிளட்ச் சார் வாயைத் திறந்தார். இயக்குநரும் அதிகாரியும் படிக்கட்டின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

"எதுவும் கேக்காத கண்ணு," என்றார் மனைவி. "எங்ககூட வாசல் கேட்டு வரைக்கும் வா. ஏங்க, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

மூன்று பேரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். நிர்வாகக் கட்டடத்தைத் தாண்டினார்கள், மையத்தைத் தாண்டினார்கள், மையத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தையும் தாண்டினார்கள். பெண் நடுவில் மூக்கை உறிஞ்சினாள். கேட்டில் இருந்த காவலாளி அவர்களைப் பார்த்து எழுந்தார்.

"அண்ணே, யூனிவர்சிட்டி எது வரைக்கும்?" என்று கேட்டார் கிளட்ச் சார்.

காவலாளி தரையில் ஓடிய மஞ்சள் கோட்டைக் காட்டினார். "இது வரைக்கும்."

பெட்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கி, சாலை ஓரத்தில் நிறுத்தினார்கள். கிளட்ச் சார் பெண்ணை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பத்தடி பின்னால் போய் மனைவியோடு நின்றுகொண்டு, கைதட்ட ஆரம்பித்தார். மெதுவாக இல்லை. எடுத்த எடுப்பிலேயே உள்ளங்கை சிவக்கிற மாதிரி தட்டினார். மனைவி பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டினார். "அந்த ரெண்டு மூச்சும்மா!" என்று கிளட்ச் சார் கத்தினார். "ஒரு மூச்சுதான் நான் எதிர்பாத்தேன்! நீ ரெண்டு மூச்சு நின்ன! கடைசி இழுப்பை நீ விடவே இல்லியே! நான் செத்துட்டேன்!"

"செத்து, கண்ணுல முழுக் குப்பி மருந்தும் வாங்கிக்கிட்டாரு," என்றார் மனைவி. "நல்ல கண்ணுக்கு விட்டேன். எரிச்சல் இன்னும் போயிருக்காது."

பெண்ணுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், சாலை ஓரம் என்றும் பார்க்காமல், மேடையில் செய்வது போலவே ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்துக் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தாள். அவர்கள் நிறுத்தவில்லை. மறுபடி குனிந்தாள்.

எதிரே பேருந்துக்கு நின்றிருந்தவர்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடையைத் தோளில் மாட்டியிருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் சாலையைக் கடந்து வந்தார்.

"என்னங்க விசேஷம்?"

"இந்தப் பொண்ணு நல்லா வாசிச்சுது," என்றார் மனைவி, தட்டுவதை நிறுத்தாமல்.

"எங்க?"

"உள்ளதான்."

"உள்ளயா? பதினாலு வருஷமா இந்த ஸ்டாப்புல பஸ் ஏறுறேன். உள்ள இதெல்லாமா நடக்குது?" அவர் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கள மாதிரி ஆளுங்களையெல்லாம் விடுவாங்களா?"

"விடுவாங்க," என்றார் மனைவி. "எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. ஒண்ணும் புரியலைன்னு மட்டும் சொல்லுங்க. வாராவாரம் விடுவாங்க."